கறுப்பு எனாமலில் ஒரு பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டிலேயே எனக்கு ஓர் அவமானம் நடந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். சந்தோஷமாக!

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு ராஜம்மாக்காவுடையது. அவர் மகளைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள். விரிப்பதற்கு ஒரு பெரிய ஜமக்காளம் இருக்கிறது. அதில் ஆறு மாதத் தூசியும் இருக்கிறது. அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒங்க வாக்குவம் மெஷினை ஒரு நாளைக்குக் குடுங்களேன்."

"அதுக்கென்னக்கா, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன், கர்ணனுக்குத் தம்பி மாதிரி.

உள்ளேயிருந்து ஒரு குரல். "அக்கா, அது என்னுது. என்னைக் கேளுங்க."

கரண்டியும் கையுமாக என் மனைவி கதவருகே வந்து நின்றாள். ராஜம்மாக்காவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கா? எழுந்து கைதட்டலாம் போலிருந்தது. கல்யாணமாகி நாலு வருஷத்தில், இந்த வீட்டில் ஒரு பொருளைக் காட்டி அவள் 'என்னுது' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஏன் அப்படி? கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி கமலம் விஷ ஜுரத்தில் போய்விட்டாள். அவள் வந்தபோது அவளுடைய அப்பா ஒரு மாட்டுவண்டி நிறையப் பாத்திரம் ஏற்றி அனுப்பினார். அண்டா, தவலை, குத்துவிளக்கு, காப்பி டம்ளர்... எல்லாவற்றிலும் 'கமலம்' என்று பெயர் வெட்டியிருந்தது. ஒரு சின்ன எண்ணெய்க் கரண்டியைக்கூட மனுஷர் விடவில்லை. நம் வீடுகளில் வழக்கம்தானே? கல்யாணம் காட்சிக்கு இரவல் போன பாத்திரம் ஒழுங்காகத் திரும்பி வரவேண்டுமே.

இப்போது இருக்கிறவள் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இல்லை. பால்மரம் வெட்டுகிற அண்ணன்தான் கட்டிக்கொடுத்தார். ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். பாத்திரம் எதுவும் வரவில்லை, நானும் கேட்கவில்லை. அதைப் பெரிய பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைப் பாருங்கள்! அந்தத் தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. பீரோவில் பாதி காலியாகவே கிடந்தது. அவள் புடவைகள் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. ஊருக்குப் போகிறவள் மாதிரி ஒன்றை எடுப்பாள், உடுத்துவாள், துவைத்து மடித்து மறுபடியும் பெட்டியில் வைப்பாள். இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதுகிறேனே தவிர, அப்போது எதையும் கவனித்தவன் இல்லை.

சரி, மெஷின் எப்படி வந்தது?

நாலு மாதத்துக்கு முன்பு, சீமைக்குத் திரும்புகிற ஒரு துரையின் பங்களாச் சாமான்களை லேலோங்கில் விட்டார்கள். ஏலத்துக்கு இங்கே அதுதானே பெயர்? மேஜை விளக்கு ஒன்று வாங்கலாம் என்று போனேன். விளக்கு வேறு யாருக்கோ போயிற்று. மூலையில் இது நின்றுகொண்டிருந்தது. நீளமான பிடி, முதுகில் தொங்கும் துணிப் பை, கீழே இரும்பு உடம்பு. ஒரு காலத்தில் பளபளவென்று கறுப்பாக இருந்திருக்கும். இப்போது சாம்பல் பூத்துப்போயிருந்தது. ஓரங்களில் துரு. உடம்பின் மேல் பொன் எழுத்தில் ஏதோ எழுதியிருந்த அடையாளம் மட்டும் இருந்தது.

வீட்டில் சிமெண்டுத் தரை. விரிப்பதற்கு இரண்டு பாய். இதற்கு வாக்குவம் கிளீனரா என்று ஆபீஸில் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. "வெளக்குமாறு நல்லாத்தானங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில் இதன் ஒயரை மாட்டவேண்டும். மாட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, கர்ரென்று ஓடியது! குறை அழகில்தான். அதைச் சரிசெய்வது என்று தீர்மானித்தேன்.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒரு வாரம் அழுக்கு எடுத்தேன். அப்போதுதான் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தேன். வெறும் ஈரத்துணியால் துடைத்தால், போன எழுத்து திரும்பி வருகிறது! ஈரம் இருக்கிறவரைக்கும் ஒரு மங்கலான வளைவு, ஒரு கோடு, ஒரு வால்... காய்ந்ததும் மறைந்துவிடும். மறுபடி துடைத்தால் மறுபடி வரும்.

அவ்வளவுதான், நான் அதிலேயே மூழ்கிப்போனேன்.

ஆபீஸ் விட்டு வந்ததும் வராந்தாவில் உட்காருவேன். மஞ்சள் வெயில் சாய்ந்து வரும். யார்டில் எஞ்சின்கள் பெட்டிகளைத் தள்ளுகிற சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். நான் துடைப்பேன், பார்ப்பேன், காய விடுவேன். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து கிடைத்தால் பெரிது. கிடைத்ததை நோட்டில் எழுதிக்கொள்வேன். இதை முதன்முதலில் எழுதிய கை எந்த ஊர்க் கையோ? அந்த ஊரில் அன்றைக்குப் பனி பெய்ததோ? பங்களாவில் இது எந்தக் கம்பளத்தின் மேல் ஓடியிருக்கும்? துரைசாணி சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு இதன் சத்தத்தில் தூங்கிப்போயிருப்பாளோ... இப்படியே நினைப்பு எங்கெங்கோ போகும். மழை பிடித்துச் சாரல் மேலே விழுந்தால்தான் இந்த உலகத்துக்குத் திரும்புவேன்.

அப்படி ஒரு சாயங்காலம், ராஜம்மாக்கா அண்டா இரவல் கேட்டு வந்தார். என் மனைவி சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

"எனக்கென்னக்கா தெரியும்? அது என்னுது இல்ல. அதோ அவரு இருக்காரு, கேட்டுக்குங்க."

நான் தலையைத் தூக்காமல், "குடு, குடு" என்றேன். கையில் அகப்பட்டிருப்பது ஆங்கில 'ஆர்' எழுத்தா 'பி' எழுத்தா என்பதுதான் அப்போது எனக்கு முக்கியம்.

வர்ணம் பூசச் செந்தூலிலிருந்து அந்தோணியண்ணன் வந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்கு எழுத்து எழுதுகிறவர். ஆங்கிலம், தமிழ், சீனம், மலாய்க்காரர்களின் ஜாவி எதைக் கொடுத்தாலும் அச்சு அசலாக எழுதுவார். ஆனால் ஒன்றையும் படிக்கத் தெரியாது. "எழுதறவனுக்குப் படிப்பு எதுக்கு லா?" என்பார். இந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சிலர் என்னைப் பற்றியும் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன் துருவைச் சுரண்டினார். நுரைக்கல் பொடி போட்டுத் தேய்த்தார். கறுப்பு எனாமல் மூன்று கை பூசினார். ஒவ்வொரு கையும் காய ஒரு வாரம். கடைசியில் அதன் முதுகில் என் முகம் தெரிந்தது.

"சரி ஐயா, எழுத்தைக் குடுங்க."

அங்கேதான் முழித்தேன். என் நோட்டில் மூன்று எழுத்துக்கு இடம் காலி. மெஷினைத் துடைத்துப் பார்க்கவும் இனி வழியில்லை, எனாமல் மூடிவிட்டது. பத்துச் சாலை என்கிற கடைவீதியில் கேட்டுப் பார்ப்பதா, சீமைக்குக் கடிதம் போடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி அண்ணனுக்குக் காப்பி கொண்டுவந்தாள்.

அண்ணன் காப்பியைக் குடிக்கவில்லை. டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துக்காரர் அல்லவா?

"நல்ல வெட்டு ஐயா. கை நடுங்காம வெட்டியிருக்கான். அம்மா பேருங்களா?"

"இல்லீங்கண்ணே, அவங்க பேரு. மூத்தவங்க" என்றாள் என் மனைவி. "என் பேரு இந்த வீட்டுல எதுலயும் இல்ல."

கோபமில்லை. அழுகையில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பங்கரையில் அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. நாலு வருஷமாகத் தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்குத்தான் அவள் எதைத் தேய்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. காலையும் மாலையும் இன்னொருத்தியின் பெயரைப் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கிறாள். நானோ எவனோ சீமையில் எழுதிய எழுத்துக்காக மாதக்கணக்கில் ஈரத்துணியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"காப்பி ஆறிப்போச்சு" என்று அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னார்.

நோட்டை மூடினேன். வேறொரு காகிதம் எடுத்து அவள் பெயரை எழுதினேன்.

எழுத வரவில்லை! நம்புவீர்களா? ஆபீஸில் நாள் முழுக்க எழுதுகிறவன், வாராவாரம் உங்களுக்கு எழுதுகிறவன், அந்த ஆறு எழுத்தை எழுதத் தடுமாறுகிறேன். ஒன்று கோணல், ஒன்று குட்டை. மூன்று காகிதம் கிழித்தேன். அவளை 'இந்தாம்மா' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவள் பெயரை நான் அதுவரை ஒரு தடவைகூட எழுதியதில்லை.

நாலாவது காகிதத்தை அண்ணன் வாங்கிக்கொண்டார். "இது போதும் ஐயா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மெஷினைச் செந்தூலுக்கே கொண்டுபோனார். காகிதத்தில் எழுத்தின் ஓரம் நெடுக ஊசியால் துளை போட்டு, மேலே சுண்ணாம்புத் தூளைத் தட்டி, அந்தப் புள்ளிகளின் மேல் பசை எழுதி, தங்க ரேக்கை ஒட்டினாராம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்.

அவள் துணியை விலக்கினாள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள். உதடு அசைய, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். கடைசி எழுத்தில் வந்து நின்றாள். விரல் அதைத் தொடப் போய், தொடாமல் நின்றது. கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்?

பெயருக்குக் கீழே சின்னதாக '1' என்று ஒரு நம்பர் இருந்தது.

"இது என்ன அண்ணே? நான் எழுதிக் குடுக்கலையே?" என்றேன்.

"ரெயில்வேல நம்பர் போடாம எதுவும் ஷெட்டை விட்டு வெளிய வராது ஐயா. கை தானா போட்டிருச்சு. இந்த வீட்டுக்கு இது மொத மெஷின்தானே?"

அவள் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா போட்டுட்டீங்கண்ணே. ரெண்டுன்னுல்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அழிச்சிரட்டுங்களா?" என்றார் அண்ணன் பதறி.

"வேணாம்ண்ணே. இருந்துட்டுப் போகட்டும்."

அந்தச் சூட்டிலேயே நான் இன்னொரு பெரிய மனுஷத்தனமும் செய்யப் பார்த்தேன். பாத்திரங்களிலும் பெயரை மாற்றி வெட்டச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"அவங்க சாமான் அவங்க பேர்லயே இருக்கட்டுங்க. தெனம் தேய்க்கிறவ நானு. அந்தப் பேரு எனக்குப் பழகிப்போச்சு."

மறுநாள் குளித்துவிட்டு வந்து பீரோவைத் திறந்தேன். என் வேட்டிகளுக்குப் பக்கத்தில் அவள் புடவைகள் அடுக்கியிருந்தன. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். தகரப் பெட்டியில் மெஷினின் குழாயும் பிரஷ்ஷும் படுத்துக்கொண்டிருந்தன.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ராஜம்மாக்கா கெட்டிக்காரர். என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "சரிம்மா, ஒன்னையே கேக்கறேன். குடுக்கிறியா?"

"தாராளமா எடுத்துட்டுப் போங்கக்கா. பேரு இருக்கிற பக்கம் மட்டும் எதுலயும் உரசாம பாத்துக்குங்க."

நாலு வருஷமாக இந்தப் பத்தியில் 'வீட்டிலே சொன்னாள்', 'வீட்டுக்காரி கோபித்துக்கொண்டாள்' என்றே எழுதி வந்திருக்கிறேன். நீங்களும் யார் என்று கேட்டதில்லை. இனி அப்படி எழுதுவதாக இல்லை. மெஷின் இரவல் வேண்டுமென்றால் என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. சொந்தக்காரியைக் கேளுங்கள்.

பெயர் தையல்நாயகி.