நான் சேர்க்காத இரண்டு வயர்கள்

என்ஜினுக்கு வேகம் கூட்டும் நைட்ரஸ் கேஸ் என்றால் பட்டனை அழுத்தியதும் கார் பறக்கும் என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மைசூரில் பந்தயக் கார்களுக்கு என்ஜின் செட்டிங் செய்வது என் வேலை. ஹனூர்ப் பக்கத்து மக்காச்சோளக் காட்டிலிருந்து வந்த ஒருத்தி லேப்டாப்பை விரித்துவைத்து, பானெட்டுக்குள் தலையை விடுவதே பலருக்கு உறுத்தல். உறுத்தட்டும்.

பட்டு வியாபாரி ஒருவர் தன் காருக்கு இருநூறு குதிரைத்திறன் கூடுதலாகத் தரும் பெரிய ஷாட், அதாவது ஒரே வீச்சில் அவ்வளவு நைட்ரஸ், கேட்டார். அவ்வளவு கேஸ் என்ஜினுக்குள் போனால், அதே கணத்தில் பெட்ரோலும் அதற்கேற்பப் போக வேண்டும். குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும். அதனால் சூடு தாங்கும் பிளக் போட்டேன். தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினேன். என்ஜின் நன்றாகச் சுற்றிய பிறகே கேஸ் திறக்கும்படி வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சுவிட்ச். பெட்ரோலின் அழுத்தம் விழுந்தால் அது கேஸை மூடிவிடும்.

பந்தயம் தசராவை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை. “இதுல ஜெயிச்சா செட்டிங் எல்லாம் உன் கையில. தோத்தா மறுபடி ஆயில் மாத்துற வேலதான், கணம்மா” என்று ஒர்க்‌ஷாப் முதலாளி சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தக் காரை நானேதான் கழுவினேன். பூஜையில் வண்டி பளிச்சென்று நிற்க வேண்டுமே என்று என்ஜினுக்கும் சேர்த்துப் பிரஷரில் தண்ணீர் அடித்தேன். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. கேஸைத் திறந்து சோதிக்க மட்டும் மறந்துபோனேன்.

ஞாயிறு, வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு கார். நைட்ரஸ் தயார் என்று காட்டும் விளக்கு எரியவில்லை. சுவிட்ச் கேஸைத் தடுத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் அழுத்தம் உண்மையிலேயே குறைந்துவிட்டதா, சுவிட்சில்தான் கோளாறா, எனக்குத் தெரியவில்லை. அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்க்க நேரமும் இல்லை.

முதலாளி குனிந்து சுவிட்சின் இரண்டு வயர்களைக் காட்டினார். “ரெண்டையும் சேர்த்து முறுக்கிடு. சுவிட்ச் தடுக்காது, கேஸ் திறந்துக்கும். பத்து செகண்டு ஓட்டம். என்ன ஆயிடும்?”

“முடியாதுங்ணா.”

“உன் வேலையே இதுலதான் இருக்கு.”

“தெரியுமுங்ணா. முடியாது.”

அவரே கையை நீட்டினார். நான் பானெட்டை இறக்கிவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றேன். பயமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஸ்டியரிங்கில் இருந்த வியாபாரி கேஸ் இல்லாமலே ஓடித் தோற்றார். இரண்டு கார் நீளம்தான் பின்தங்கினார்.

மறுநாள் சுவிட்சைக் கழற்றினேன். வயர் மாட்டும் கனெக்டருக்குள் தண்ணீர், நான் அடித்த தண்ணீர். பெட்ரோல் அழுத்தம் சரியாகவே இருந்தது. வயரைச் சேர்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, வியாபாரி ஜெயித்தும் இருப்பார். மூடி மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வியாபாரிக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, போனை என் கையில் திணித்தார். “நீயே மன்னிப்பு கேளு.”

கேட்டேன். “சார், என்ஜினுக்குத் தண்ணி அடிச்சது நானுங்க. அடிச்சுட்டுச் சோதிக்காம விட்டதும் நான்தான். அதுக்கு மன்னிச்சுக்குங்க.”

“வயரச் சேக்காம விட்டியே, அதுக்கு?”

“அதுக்குக் கேக்க மாட்டனுங்க. நாளைக்கும் சேக்க மாட்டேன்.”

போனை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, ஆயில் வடிக்கும் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன்.