செல்லி எழுந்திருக்கவில்லை

ஜூலை 14, திங்கட்கிழமை. காலை மணி ஆறு நாற்பது. முந்தின ராத்திரி பிடித்த தூறல் இன்னும் விடவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் துண்டு போர்த்திக்கொள்கிற குளிர்.

லிங்கராஜபுரத்தில் என் வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு அருகே, ஒரு பிரம்புக் கூடையின் முன்னால் குந்தியிருந்தேன். கூடைக்குள் ஒரு கோழி. கோழிக்கு அடியில் ஆறு முட்டை. அன்று இருபத்தோராவது நாள்.

எழுபத்திரண்டு வயதில் குந்துவது சுலபம். எழுந்திருப்பதுதான் பெரிய காரியம். ஆனாலும் பதினோரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டேன். பொரிக்கிற நாளில் முட்டைக்குள்ளிருந்தே கீச்சென்று சத்தம் வருமாமே? வரவில்லை. கோழி மட்டும் என்னைப் பார்த்து உறுமியது.

முட்டைகூட நுழையாத சைவ வீட்டில் கோழிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

கோழி புஷ்பாவுடையது. பதினான்கு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள். மகளுக்குத் தலைப்பிரசவம் என்று ஜூன் ஒன்றாம் தேதி ஓசூருக்குக் கிளம்பினாள். போகும்போது கூடையோடு வந்து நின்றாள்.

"சார், ரெண்டு மாசம் செல்லியப் பாத்துக்கோங்க. வேற எங்க விட்டாலும் கொழம்பு வெச்சிடுவாங்க. உங்க வீட்லதான் அந்தப் பயமில்ல."

"ஒரு கோழிதானே... இருக்கட்டும்."

"ஒண்ணேதான். எண்ணி வாங்கிக்கோங்க, எண்ணித் திருப்பிக் குடுங்க. நீங்கதான் எல்லாத்தையும் எண்றவராச்சே!"

என் மனைவி கமலா சமையலறையில் சிரித்தது எனக்குக் கேட்டது. கருவூலத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். மாடிப்படி பதினேழு என்று இன்றும் தினமும் எண்ணித்தான் ஏறுகிறேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

முதல் ஆறு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. செல்லி மேய்ந்தாள். நாலு முட்டை இட்டாள். எதிர்வீட்டு டிரைவர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம். ஏழாம் தேதி கூடைக்குள் போய் உட்கார்ந்தவள்... எழுந்திருக்கவில்லை.

அடியில் முட்டை ஒன்றும் கிடையாது. வெறும் வைக்கோல். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்துகிறாள். தூக்கி வெளியே விட்டால் நாலு வாய் தானியம், இரண்டு வாய் தண்ணீர், உடனே ஓட்டமாகக் கூடைக்குத் திரும்பிவிடுகிறாள். கூடையை எடுத்து ஒளித்து வைத்தேன். துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். வீடியோ பார்த்து, நெஞ்சு நனையத் தண்ணீரில் நிற்க வைத்தேன். என் சட்டைதான் நனைந்தது. ஒரு நாள் முறத்தில் காய வைத்திருந்த சின்ன வெங்காயம் உருண்டு கூடைக்குள் போய்விட்டது. அதையும் அணைத்துக்கொண்டு அடை காத்தாள்! இரண்டு வெங்காயத்தை எண்ணி வெளியே எடுத்தேன்.

"பைத்தியம் பிடிச்சிருக்கா இதுக்கு?" என்று கமலாவைக் கேட்டேன்.

"அதுக்கா, உங்களுக்கா? புஷ்பாவுக்கு ஒரு போன் போடுங்களேன்."

போன்தான் தினமும் வந்துகொண்டிருந்ததே. புஷ்பாவின் மகளுக்கு பி.பி. ஏறியிருந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து அவள் அழுகிற குரலில் பேசுவாள். கடைசியில், "செல்லி நல்லா இருக்கா சார்?" என்பாள். "ஜம்முன்னு இருக்கா" என்பேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல?

ஆனால் ஜம்மென்று இல்லை. காய்கறித் தராசில் முதல் நாள் ஒரு கிலோ அறுநூற்று நாற்பது கிராம். பதினாறாம் நாள் ஒன்று நானூறு. கொண்டை வெளுத்துவிட்டது. ஒரே ஒரு உயிர், எண்ணி வாங்கியது... திருப்பிக் கொடுக்க இருக்குமா?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அடைக்குத் தேவை முட்டைதானே? கொடுத்துவிட்டால்? இருபத்தொரு நாளில் குஞ்சு வரும், இவளும் எழுந்துவிடுவாள். கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைக்குப் போய் முட்டை கேட்டேன். தெருமுனைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் சார், டாக்டர் சாப்பிடச் சொல்லிட்டாரா?"

"அதெல்லாம் இல்ல. நாட்டுக்கோழி முட்டை ஆறு. நல்லதா இருக்கணும்."

"காலைலதான் வந்துச்சு சார். ஃபுல் ஃப்ரெஷ்."

ஃப்ரெஷ் என்றால் போதாதா? ஆறிலும் பென்சிலால் தேதி எழுதினேன். ஜூன் 23. செல்லி அலகால் ஒவ்வொன்றாக உருட்டி அடியில் சேர்த்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கியது. காலண்டரில் ஜூலை 14-ஐ வட்டமிட்டேன். தெருவில் மட்டும் நான் முட்டை சாப்பிட ஆரம்பித்துவிட்டதாகப் பேச்சு. போகட்டும்.

ஜூலை 14 வந்தது. ஆறே முக்கால், எட்டு, பத்து... ஒன்றும் இல்லை. கூடையை ஆட்டோவில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண். நிறுத்துப் பார்த்தாள். ஒரு கிலோ நூற்றெண்பது. ஒரு முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது எங்க வாங்கினது சார்?"

"கடையில."

"கடை முட்டையில எப்படி சார் குஞ்சு வரும்? நாட்டு முட்டைன்னு விக்கிறதும் பண்ணையிலேர்ந்து வர்றதுதான். பண்ணையில சேவலே வெக்க மாட்டாங்க."

"ஃப்ரெஷ்ஷுன்னு சொன்னாரே?"

"ஆம்லெட்டுக்கு ஃப்ரெஷ் சார்!"

சுற்றி நின்ற ஆட்டுக்காரர்கள், நாய்க்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஏழு பேர். டாக்டர் மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா தாங்காது சார். கம்பிக் கூண்டுல மூணு நாள் போட்டு அடையைத் தெளிய வைக்கலாம். இல்லேன்னா பொரிச்சு ஒரே நாளான குஞ்சுங்களா வாங்கி, இருட்டுற நேரத்துல அடியில விடுங்க. ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம்."

கூண்டுதான் சுலபம். ஆனால் இருபத்தொரு நாள் அவளை ஏமாற்றியவன் நான். வெறுங்கையோடு எழுப்புவது எப்படி?

புதன்கிழமை இரண்டு பஸ் மாறி ஆனேக்கல் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனேன். ஆறு குஞ்சு. ஐந்து போதும் என்று பண்ணைக்காரர் சொன்னார். முட்டை ஆறாயிற்றே, அவள் எண்ணிப் பார்த்தால்? திரும்பும்போது மடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. கண்டக்டர் குனிந்து பார்த்து, என்ன இது, எத்தனை என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஏனு சார் இது? எஷ்டு?"

"ஆறு."

"ஆறுக்கும் சீனியர் சிட்டிசனா?" என்று லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது ஐந்துதான் நின்றன. ஆறாவது மூலையில் படுத்திருந்தது. கமலா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு பழைய கைக்குட்டையை எடுத்து வந்தாள்.

இருட்டுகிற நேரம். முட்டைகளை உருவிவிட்டு ஒவ்வொரு குஞ்சாக அடியில் விட்டேன். கொத்தினால்? செல்லி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அடியில் கீச்... கீச். முப்பத்தொன்பது நாளில் நான் கேட்டிராத ஒரு சின்ன சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. இறக்கையை அகட்டினாள். அவ்வளவுதான்.

காலையில் எழுந்து வெளியே வந்தாள். பின்னால் ஐந்து. ஆறாவதைத் தேடவே இல்லை! வெறும் வைக்கோலுக்கு உட்கார்ந்தாள், வெங்காயத்துக்கு உட்கார்ந்தாள், கடை முட்டைக்கும் உட்கார்ந்தாள். எதையும் எண்ணவில்லை. அப்படியானால் நான் இத்தனை நாள் யாருக்காக எண்ணினேன்? நாள் கணக்கு சரியாக இருந்தால் காரியம் நடந்துவிடும் என்று எனக்கு யார் சொன்னது? இன்றுவரை புரியவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி புஷ்பா வந்தாள். பேரன் பிறந்திருக்கிறான். மகளும் நலம். செல்லியைத் தூக்கிக் கையாலேயே எடை பார்த்தாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பெட்டியில் படுத்திருந்த ஆறாவது உட்பட.

"அடைதானே சார்? ஒரு கூடைய கவுத்து மூணு நாள் மூடி வெச்சிருந்தா தெளிஞ்சிருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுதானே?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தியேம்மா."

அவள் குனிந்து குஞ்சுகளைப் பார்த்தாள். "ஒண்ணு விட்டுட்டுப் போனேன், ஆறா குடுக்கிறீங்க. இவ்ளோ வட்டி யாரும் குடுத்ததில்ல சார்."

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்குப் பழக்க தோஷத்தில் தராசோடு பின்பக்கம் போனேன். யாருமில்லை. புஷ்பா கூடையைக் காலி செய்து எடுத்துப்போன இடத்தில் கிடந்த வைக்கோலைத் திரட்டினேன். அடியில் ஒரு சின்ன வெங்காயம். நான் எண்ணியது இரண்டு. இது மூன்றாவது. பச்சையாக ஒரு விரல் நீளம் முளை விட்டிருந்தது.

தொட்டியில் நட்டிருக்கிறேன். மொத்தச் செலவு ஆயிரத்து அறுபத்தைந்து ரூபாய் — வெங்காயம் நீங்கலாக.