ஏகாம்பரம் அண்ணன் கட்டாத மாடி

முதலில் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சாவுச் செய்திக்குச் சிரிப்பு எமோஜி போட்டுவிட்டேன்.

"ஏகாம்பரம் காலமானார்" என்று ஏகாம்பரம் அண்ணன் நம்பரிலிருந்தே வந்தால் வேறென்ன போடுவது? ஜெராக்ஸுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்க நான் போகாவிட்டால், வரவழைக்க இப்படித்தான் மெசேஜ் அனுப்புவார். இந்த முறை அனுப்பியது அவர் மகள்...

மாமல்லபுரத்தில் ஜெராக்ஸ் கடை அவருக்கு. பாரம்பரியக் கட்டடங்களுக்கான கலைச்சொற்களைத் தமிழாக்குகிறேன் பேர்வழி என்று நான் அங்கே திரிந்த காலம். என்னை முழுசாகப் படித்த ஒரே வாசகர் அவர்தான். மெஷினில் வைப்பதற்கு முன்பே படித்துவிடுவார்.

படித்ததை வீட்டிலும் இறக்கிவிடுவார். கிழிந்த லுங்கி மேசை துடைக்கும் துணியானால் "அடாப்டிவ் ரீயூஸ்". மாமியார் தங்கும் அறைக்கும் இவர் கட்டிலுக்கும் நடுவிலுள்ள ஹால், "பஃபர் ஸோன்".

ஒரு வார்த்தைக்கு மட்டும் முகம் மாறும். தடைசெய்யப்பட்ட பகுதி.

புராதனச் சின்னத்திலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. ரிப்பேர் செய்யலாம். அவர் வீடு அதற்குள்தான் என்று தெருவே சொல்லும், அவரும் நம்பினார். கோவளத்தில் வாடகைக்கு இருக்கும் மகளுக்கு மாடியில் ஒரு ரூம் போட்டுக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்... வேறு ஆசை கிடையாது மனுஷனுக்கு.

அதனால் ஒவ்வொரு மழை முடிந்ததும் ரிப்பேர் என்று சொல்லி ஒரு சுவரை மாற்றுவார். என்றாவது மாடியைத் தாங்கட்டும் என்று.

"இன்னா சார், நாலு சொவுரும் மாத்திட்டேன். இது கன்சர்வேஷனா, ரெஸ்டொரேஷனா? இந்த வூட்ல பழசுன்னு கீறது என் பொண்டாட்டி ஒருத்திதான்."

உள்ளேயிருந்து அண்ணி: "என்னியும் ரிப்பேருன்னு சொல்லி மாத்திப் பாரு, தெரியும் சேதி!"

"மனு போட்டு அளக்கச் சொல்லலாமே அண்ணாத்த?" என்றேன்.

"வாணாம் சார், பேஜாரு. அளக்காத வரிக்கும்தான் அது வூடு. அளந்துட்டா கேஸு."

காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஃபேனைப் போடுகிறேன், நிறுத்துகிறேன். இதையே எழுதி எழுதி அழிக்கிறேன். அவர் மகளுக்குப் போன் செய்து, என்ன பேசுவதென்று தெரியாமல் வீட்டைப் பற்றிக் கேட்டுத் தொலைத்தேன்.

போய் வாங்க அண்ணாத்த. அங்கே யாரையும் எதுவும் கேட்காதீங்க, நேரா மாடி ஏறிடுங்க...

மகள் போனில் சொன்னது இதுதான்: மருமகன் போன வாரம் அண்ணனுக்குத் தெரியாமல் சர்வேயரைக் கூட்டிவந்து அளந்திருக்கிறார். வீடு தடை எல்லைக்கு வெளியேதான் இருக்கிறதாம்.