நான் பெருக்கிய பாதை

மலாய் நாட்டில், பெடாஸ் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு இருபுறமும் காட்டு மலைகள். இரண்டையும் இணைத்தது, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடையோரம் மிஞ்சியிருந்த காட்டுத் துண்டு ஒன்றுதான். அகலம் என் காலடியில் நூற்றுப் பத்து. அதன் ஓரத்து மணல் பாதையில் காலையில் தாப்பிரின் மூன்று விரல் தடங்கள் பதிந்திருக்கும். கறுத்த உடம்பில் வெள்ளை வேட்டி சுற்றியது போன்ற மிருகம். தடங்களை எண்ணிவிட்டுத்தான் பள்ளிக்குப் போவேன்.

தோட்டத்துக்குப் பெரிய ஆட்கள் யார் வந்தாலும் முன்னதாகவே எல்லா இடத்தையும் பெருக்கிவிடுவது வழக்கம். வனவிலங்கு இலாகாவிலிருந்து இருவர் வருகிறார்கள் என்றதும், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரான அப்பாவுக்கு ஓடைப் பாதை நினைவுக்கு வந்தது.

"அதையும் பெருக்கிடுங்க. மிருகம் நடமாடுதுன்னா என் டிவிஷனுக்குத்தான் கெட்ட பேரு."

"காட்டையே பெருக்கச் சொல்ற மண்டோர் நீங்க ஒருத்தர்தான்லா, மச்சான்," என்றார் மாமா.

விடிந்ததும் ஈர்க்குமாற்றோடு நான் போனேன். அன்று பெரிய தடம் பதினேழு. பக்கத்திலேயே சின்னது பதினொன்று. குட்டி போட்டிருந்தது. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பெருக்கினேன்.

வந்தவர்கள் மலாய்க்காரர்கள். அவர்கள் கேட்டதைத் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி தமிழில் சொன்னார்: "இந்தப் பக்கம் மிருகம் ஏதும் கடக்குதான்னு கேக்கறாங்க."

"ஈ காக்கா கூட வராதுங்க," என்றார் அப்பா.

அவர்களில் மூத்தவர் குந்தி உட்கார்ந்து, மணலில் இருந்த ஈர்க்குக் கோடுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தார். கிராணி என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏதாச்சும் பாத்தியா, பாப்பா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். "இல்ல," என்றேன்.

மூத்தவர் தாளில் ஏதோ எழுதி, அளவுநாடாவைப் பிரிக்காமலே பைக்குள் வைத்தார். பாதையின் சுத்தத்தைத்தான் பாராட்டி எழுதுகிறார் என்று எனக்குப் பெருமை. அந்தத் துண்டை வெட்டாமல் விட வேண்டுமா என்று பார்க்கத்தான் அவர்கள் வந்தார்கள் என்பதைப் பல வருடம் கழித்துக் கிராணி சொல்லித்தான் அறிந்தேன்.

அடுத்த மழைக்குள் வெட்டிவிட்டார்கள். இன்று அங்கே எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனையும் அகலச் சாலையும். மலைகள் இரண்டும் அப்படியே நிற்கின்றன, ஒன்றிலிருந்து மற்றதற்கு வழியில்லாமல்.

வெட்டிய பிறகும் சில மாதங்கள் காலையில் அந்தப் பாதைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பா பெருக்கச் சொன்ன நாள்களில்கூடப் பெருக்கிவிட்டதாகப் பொய் சொன்னேன். பெருக்காமல் விட்டால் தடங்கள் திரும்ப வந்துவிடும் என்று நினைத்தேன்.