குறி தவறியது என்றே எழுதினேன்

டார்பிடோ அதிகாரியின் வேலை, வெளியே எதுவும் தெரியாத நீர்மூழ்கிக்குள் உட்கார்ந்து தண்ணீருக்கடியில் பாயும் குண்டு ஒன்றை ஏவிவிட்டு, அது போன இடத்துக்கு எழுத்தில் பதில் சொல்வது. கண்ணால் காணாததற்கெல்லாம் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட உத்தியோகஸ்தர்களே, நீங்களும் என் கட்சிதான்.

முழுகும் உத்தியோகம்

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கடல்தான் சோறு போட்டது. அப்பா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டினார். கடற்படையில் எனக்கு நீர்மூழ்கிப் பிரிவு கிடைத்ததும் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனேன். அப்பா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "நாங்கோ படகு முழுவக்கூடாதுன்னு மாதாவ கும்புட்டுகினு கீறோம். நீ முழுவறதுக்கே சம்பளம் வாங்கப் போறியா நைனா?" என்றார்.

காகித வேகம்

பயிற்சியில், வெடிமருந்து இல்லாத டார்பிடோவை நம் கப்பல் ஒன்றின் மீதே ஏவுவோம். ஆழம் கூட்டி வைத்திருப்பதால் இடிக்காமல் அடியில் போகும். அப்படிப் போனால் குறி சரி.

அப்படியொரு பயிற்சி நாளில் நான் கப்பலின் வேகத்தைக் கணக்கில் போட வேண்டும். திட்டத் தாளில் ஒரு வேகம் இருந்தது. தண்ணீருக்குள் சத்தம் கேட்டுச் சொல்லும் மாலுமி தேசப்பன், எண்ணூர்க்காரர், கப்பல் அதைவிட வேகமாகப் போகிறது என்றார். நான் பெரிய அதிகாரி அல்லவா? தாளில் இருந்ததையே போட்டேன். டார்பிடோ கப்பலுக்குப் பின்னால் வெறும் தண்ணீரில் போய்விட்டது. தேசப்பன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அது பேப்பர்ல கீற ஸ்பீடு சார். கடல்ல கீறது வேற."

கேப்டனின் கருணை

ஓட்டம் முடிந்து மேலே மிதந்து வந்த டார்பிடோவின் பதிவுக்கருவியை கேப்டனும் நானும் மட்டும் பார்த்தோம். தவறு என்னுடையது, சந்தேகமே இல்லை. கேப்டன் நல்ல மனிதர். எனக்கு ஒரு நீர்மூழ்கியின் தலைமை கிடைக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர். குறி சரி என்று எழுதிவிடச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு தாளை நம்பித்தான் நான் கோட்டை விட்டேன். என் தாளை நம்பி நாளைக்கு நிஜப் போரில் இன்னொருவன் கோட்டை விட வேண்டுமா? 'குறி தவறியது. வேகம் சொன்ன மாலுமியின் பேச்சை நான் கேட்கவில்லை' என்று எழுதி நீட்டினேன். படித்துவிட்டுக் கேட்டார்: "இதில் கையெழுத்துப் போட்டால் உனக்குக் கப்பல் கிடையாது, தெரியும்தானே?"

பட்டியல்

தெரியும். போட்டேன். தலைமைக்குத் தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை, என்னிடம் வேலை பழகியவர் பெயர் இருந்தது. வலித்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விடுப்பில் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் வாசலைத் தாண்டவில்லை. நாலாம் நாள் ஞாயிறு. மாதா கோயிலுக்குக் கிளம்பிய என் மனைவி ஸ்டெல்லா வாசலில் நின்று சொன்னாள்: "ஊர்ல கீறவன்லாம் செஞ்ச பாவத்த ஃபாதராண்ட சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசைல நிக்கறான். இந்த விஷயத்துல உனுக்கு அங்க சொல்ல ஒண்ணுமில்ல. மூஞ்சக் கழுவிகினு வா."

சுவர்

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் தேசப்பன் போன் செய்தார். அவர் இப்போது நீர்மூழ்கிப் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுக்கிறார். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்: "சார், நீங்க எழ்தின ரிப்போர்ட்ட கிளாஸ் ரூம் சொவுத்துல ஒட்டி வச்சிகீறாங்கோ. இப்போ எங்கள மாதிரி சத்தம் கேக்கறவங்கள கேட்டுட்டுதான் ஸ்பீடு போட்றாங்கோ."

கப்பல் கேட்டுச் சுவர் வாங்கிய ஒரே அதிகாரி நானாக இருக்கலாம், ஆனால் அதே தாளை இன்றைக்கு நீட்டினாலும் அதே கையெழுத்துதான் விழும்.