பற்றைக்குள் ஒரு கிணறு

மல்லாவிக்கு அப்பால் உள்ள குடியேற்றத்திட்டத்தில் ஜெயரூபி வந்து இறங்கியபோது அவளுக்கு இருபத்தொரு நாள் அவகாசம் இருந்தது. தகப்பன் ஏரம்புவின் பெயரில் இருந்த முக்கால் ஏக்கர்க் காணி பல வருடங்களாகக் காடாகக் கிடப்பதாக முறைப்பாடு வந்திருக்கிறது என்று அலுவலகக் கடிதம் சொன்னது. குறித்த திகதியில் ஓர் உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். அன்றைக்குக் காணி துப்புரவாக்கப்பட்டு, உரியவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கான அடையாளம் இருக்கவேண்டும். இல்லையென்றால் அனுமதிப்பத்திரத்தை வேறு ஒருவருக்குக் கொடுப்பது பற்றி யோசிக்கப்படும்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. வவுனியாவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து, பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். கணவன் நிரஞ்சன் இன்னொருவருடைய ஓட்டோவை ஓடினான். பத்தொன்பது வருடங்களில் ஏழு வாடகை வீடு மாறியவர்கள். ஒவ்வொரு முறையும் தையல் மெசினைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றும்போது, தனக்கென்று ஒரு துண்டு நிலம் இருக்கிறது, என்றைக்கோ ஒரு நாள் போய் இருக்கலாம் என்று அவள் மனத்துக்குள் சொல்லிக்கொள்வாள். அந்தக் காணியைக் கடைசியாகப் பார்த்தது கல்யாணமாகிப் போன வருடம். பிறகு சண்டை மூண்டு வன்னிப் பாதை பூட்டப்பட்டது. சண்டையின் கடைசி மாதங்களில் தகப்பன் இறந்துபோனார். தாய் அதற்கு முன்னரே இல்லை.

இறங்கிப் பார்த்தபோது காணியைக் காணவில்லை. ஆளுயரத்துக்கு நாயுண்ணிப் பற்றை, அதற்கு மேலே கொடி, கொடிக்குள் ஈச்சை முள். நடுவில் ஒரு பாலை மரம் மட்டும் தலை நீட்டிக்கொண்டு நின்றது. வீடு இருந்த இடம் எது என்றுகூடத் தெரியவில்லை.

மண் தள்ளும் மெசின் பிடித்தால் ஒரு நாள் வேலை என்று மாங்குளத்தில் விசாரித்தபோது சொன்னார்கள். அவர்கள் கேட்ட கூலி அவள் கொண்டுவந்த காசைப்போல இரண்டு மடங்கு. நெருப்பு வைத்தால் செலவில்லை. ஆனால் வெடிபொருள் அகற்றி முடிந்த காணி என்று பத்திரம் இருந்தும், ஊரில் யாரும் பற்றைக்கு நெருப்பு வைப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன் பக்கத்துக் கிராமத்தில் எரிந்த பற்றைக்குள் ஏதோ வெடித்து ஒருவருடைய கண் போயிருந்தது. ஆகவே மிஞ்சியது கத்தியும் கோடாலியும்தான்.

அவளை அதிகம் பயப்படுத்தியது காசும் வெடியும் அல்ல. பாதை பூட்டியிருந்த காலத்தில் தகப்பன் எழுதிய கடைசிக் கடிதத்தில் இரண்டு வரி இருந்தது. புதுக் கிணறு வெட்டியாகிவிட்டது, நல்ல தண்ணீர், அடுத்த வெள்ளாமை வெட்டியதும் சுற்றிக் கட்டுக் கட்டவேண்டும். அடுத்த வெள்ளாமை வெட்ட அவர் அங்கே இருக்கவில்லை. ஆக, இந்தப் பற்றைக்குள் எங்கேயோ கட்டு இல்லாத கிணறு ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. எந்த இடம் என்று கடிதத்தில் இல்லை.

பக்கத்துக் காணிக்காரர் அப்புத்துரை தகப்பனை முன்னமே தெரிந்தவர், சண்டை முடிந்து மீளக்குடியேறிய நாளில் இருந்து அங்கே இருப்பவர். முதல் நாளே அவரிடம்தான் போய்க் கேட்டாள். அவர் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, தகப்பனைப் பற்றி நல்லதாக நாலு கதை சொன்னார். கிணற்றைப் பற்றிக் கேட்டதும் தலையை ஆட்டினார். அப்படி ஒன்று தான் கண்டதில்லை என்றார். போகும்போது, இந்தப் பற்றையோடு ஒரு பொம்பிளைப்பிள்ளை மாரடிக்கவேண்டாம், எழுதிக் கொடுத்தால் ஒரு தொகை தரலாம், மகன் கிருசாந்தனுக்கு ஒரு துண்டுக் காணி தேவை என்றும் சொன்னார்.

அதை அவள் தொலைபேசியில் நிரஞ்சனிடம் சொன்னாள். காசை வாங்கிக்கொண்டு வந்துவிடு என்றான் அவன். கோபத்தில் சொல்லவில்லை. களைப்பில் சொன்னான். அதுதான் அவளைக் கூடுதலாக வருத்தியது.

காணி காடான பிறகு ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்துக்குக் குடிவந்த வீரம்மாதான் அவளுக்குப் படுக்க இடம் கொடுத்தாள். வீரம்மாவின் தாய் தகப்பன் எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். ஐம்பத்தெட்டு வயதிலும் கோடாலி பிடித்தால் ஆணுக்குக் குறையாமல் வெட்டுவாள். பத்தொன்பது ஆடு வைத்திருந்தாள். கோடையில் அவற்றுக்குத் தீன் தேடி நாளுக்கு நாலு மைல் நடந்தாள். ஜெயரூபி கூலி பேசப் போனபோது அவள் வேறு ஒரு கணக்குச் சொன்னாள். கூலி வேண்டாம், வெட்டுகிற விறகு முழுக்கத் தனக்கு, மல்லாவியில் பேக்கரிக்காரர் எடுப்பார். நாயுண்ணியை ஆடு தொடாது, மற்றத் தழை முழுக்க ஆட்டுக்கு. ஆட்டை உள்ளே விட்டால் ஐந்து நாளில் கொடி ஒன்று மிஞ்சாது, பிறகு வெறும் குச்சியை வெட்டுவது பெரிய வேலை இல்லை.

ஜெயரூபிக்கு மூச்சு வந்தது. பிறகுதான் கிணற்றைச் சொன்னாள். வீரம்மாவின் முகம் மாறியது.

“கெணறு எங்கன்னு தெரியிற வரைக்கும் ஆட்ட விடமாட்டேன் புள்ள,” என்றாள். “ஒண்ணு விழுந்தா அது பின்னாலேயே எல்லாம் விழும்.”

அப்படித்தான் தொடங்கினார்கள். பாலை மரத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நீண்ட தடியால் நிலத்தைக் குத்திக் குத்தி முன்னேறினார்கள். குத்தினால் தரை தட்டுப்படவேண்டும். தட்டுப்பட்டால் ஓர் அடி. பிறகு வெட்டு, பிறகு இழு, பிறகு மறுபடியும் குத்து. புரட்டாதி வெயில் பற்றைக்குள் அவித்தது. கையுறை மூன்றாம் நாளே கிழிந்தது. ஐந்தாம் நாள் இலைக் குவியலுக்குள் ஒரு புடையன் சுருண்டு கிடந்தது. அது சீறியபோது ஜெயரூபி பின்னுக்குப் பாயவில்லை, நின்ற இடத்திலேயே விறைத்து நின்றாள். பின்னுக்கு என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதே. பாம்பு தன்பாட்டில் போகும்வரை அவள் அசையவில்லை.

ஒவ்வொரு நாளும் காலையில் அப்புத்துரை வேலிக்கரைக்கு வருவார். கம்பியை இழுத்துக் கட்டுவதுபோல நிற்பார். எவ்வளவு வெட்டியாயிற்று என்று கேட்பார். சில நாளில் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே நிற்பார். தங்களுடைய கஷ்டத்தைப் பார்த்து மனுசன் இரங்குகிறார் என்று ஜெயரூபி நினைத்தாள். எதிரே வெட்டவேண்டிய காடு எவ்வளவு என்று பார்க்கிறார் என்று வீரம்மா நினைத்தாள்.

பத்தாம் நாள் வீட்டு அத்திவாரம் தட்டுப்பட்டது. மேற்குப் பக்கம் முழுக்க வெட்டி முடிந்தும் கிணற்றைக் காணவில்லை. பாதிக் காணிதான் முடிந்தது, நாளும் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. பயத்துக்கும் ஒரு அலுப்பு வரும். கிணறு இடிந்து தூர்ந்திருக்கும், இல்லையென்றால் அப்பா கிணறு வெட்டியதாக ஆறுதலுக்கு எழுதியிருப்பார் என்று ஜெயரூபி நினைக்கத் தொடங்கினாள். கயிறு முள்ளில் சிக்கிச் சிக்கி வேலையைத் தாமதப்படுத்தியது. பதினாலாம் நாள் காலையில் வீரம்மா இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கொப்பில் போட்டாள். ஜெயரூபி பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டச் சொல்லவில்லை. அதை நினைத்து அவள் பிறகு பல நாள் நித்திரை இல்லாமல் கிடந்தாள்.

பத்து மணி இருக்கும். கிழக்கு மூலையில் ஒரு பெரிய கொடிச்சடை நாயுண்ணியோடு பின்னிக் கிடந்தது. அடியை வெட்டிவிட்டு வீரம்மா அதை இரண்டு கையாலும் பிடித்து, பின்பக்கமாக நடந்து இழுத்தாள். மறுநுனியை ஜெயரூபி தூக்கிக் கொடுத்தாள். வீரம்மாவுக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று பிரண்டையும் முசுட்டையும் படர்ந்து சமதரையாகத் தெரிந்தது. ஒரு எட்டு, இன்னொரு எட்டு.

வேலிக்கரையில் இருந்து அப்புத்துரை கத்தினார்.

“வீரம்மா, நில்! பின்னுக்குக் கிணறு!”

வீரம்மா நின்றாள். ஆனால் பின்னே வைத்த குதிக்காலின் கீழ் மண் நிற்கவில்லை. பச்சைத் தரை விலகியது. அவள் இடுப்பளவுக்குச் சரிந்தாள். கொடியை அவள் கைவிடவில்லை. ஜெயரூபி கொடியின் மறுநுனியைப் பிடித்தபடி நிலத்தில் விழுந்து, வெட்டிய நாயுண்ணி அடிக்கட்டை ஒன்றில் காலை உதைத்துக்கொண்டாள். எங்கோ கீழே மண் கட்டிகள் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. விழுந்து சத்தம் வர எடுத்த நேரத்தை அவளால் இன்றைக்கும் சொல்லமுடியும்.

அப்புத்துரை முள்ளுக்கம்பியைத் தாண்டி ஓடி வந்தார். சேட்டுக் கிழிந்து கையில் இரத்தம் வந்தது. கொப்பில் கிடந்த கயிற்றை எடுத்து எறிந்தார். வீரம்மா ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். இருவருமாக இழுத்து எடுத்தார்கள். அவள் எழும்பவில்லை, குப்புறக் கிடந்து மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

ஜெயரூபி எழுந்து அப்புத்துரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“உங்களுக்குத் தெரியும்,” என்றாள்.

“ஓம்.”

“முதல் நாளே கேட்டனான் அண்ணை.”

“கேட்டனி.” அவர் கையில் வடிந்த இரத்தத்தை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். “மீளக் குடியேறி வந்த புதுசிலை ரெண்டு வரியம் இதிலைதான் தண்ணி அள்ளினனான். எனக்குக் குழாய்க்கிணறு கிடைச்சாப்பிறகு விட்டிட்டன். பொடியனுக்கு இந்தக் காணியைக் கேட்டு எழுதிப் போட்டதும் நான்தான். கிணறு எங்கையெண்டு தெரியாட்டி நீ பயந்துபோய் விட்டிடுவாய் எண்டு நினைச்சன். ஆரும் விழுவினம் எண்டு நினைக்கேல்லைப் பிள்ளை.”

“நினைச்சனீங்கள்,” என்றாள் ஜெயரூபி. “நினைச்சபடியாத்தான் ஒவ்வொரு நாளும் வந்து வேலிக்கரையிலை நிண்டனீங்கள்.”

அவர் கிழிந்த சேட்டுக் கையை மடித்துவிட்டார்.

அந்த நேரம் அவரை என்னவும் சொல்லியிருக்கலாம். அவளுக்குள் சொற்கள் நிறையவே இருந்தன. ஆனால் இன்னும் ஏழு நாள்தான் இருந்தது, கிணற்றைச் சுற்றி அடைக்காமல் ஆடுகளை விடமுடியாது. எட்டுக் கட்டையும் முள்ளுக்கம்பியும் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று சொன்னாள். அவர் போனார். மத்தியானத்துக்கு முன்னே கட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, தானே அலவாங்கு பிடித்துக் குழி கிண்டி நட்டார். வீரம்மா பாலை மரத்தடியில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் கேட்டபோது அவள் எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் பத்தொன்பது ஆடுகளும் உள்ளே வந்தன. வீரம்மா சொன்னது சரி. கொடியும் இலையும் நாளுக்கு நாள் மறைந்து, முள்ளும் குச்சியுமாகக் காடு மெலிந்தது. அவளுக்கு இடுப்பு நோவு, குனியமுடியாது. நின்றபடி ஆட்டைத் திருப்பினாள். ஜெயரூபி விடியலில் இருந்து பொழுதுபடும் வரை தனியாக வெட்டினாள். பதினெட்டாம் நாள் நிரஞ்சன் ஓட்டோவை ஓனரிடம் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தான். நடந்ததைத் தொலைபேசியில் கேட்டதில் இருந்து அவனுக்கு வவுனியாவில் இருப்புக்கொள்ளவில்லை. வந்தவன் உடனே கோடாலியை எடுத்தான்.

குறித்த நாளில் கிழக்கு மூலையில் இன்னும் கொஞ்சம் பற்றை நின்றது. உத்தியோகத்தர் கஜனி என்ற இளம் பெண். மோட்டார் சைக்கிளில் வந்து, பத்திரக் கோவையைத் திறந்துகொண்டு காணியைச் சுற்றி நடந்தாள். மூன்று கிழமை வெட்டினதைப் பயன்படுத்துவது என்று எழுதமுடியுமா என்று தனக்குச் சந்தேகம், இந்தக் குடும்பம் முன்னர் இங்கே பாடுபட்டதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டாள். ஜெயரூபி தகப்பனுடைய கடிதத்தைக் காட்டினாள். கடிதத்தை யாரும் எழுதலாம் என்று கஜனி மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு வேலிக்கரையில் நின்றவரைக் கூப்பிட்டாள். முறைப்பாட்டில் இருந்த பெயர் அவருடையது.

நிரஞ்சன் ஜெயரூபியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அப்புத்துரை மெல்ல நடந்து வந்தார். வீட்டு வாசலில் கிருசாந்தன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஒருமுறை மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“இது ஏரம்பண்ணை வெட்டின கிணறு,” என்றார் கடைசியில். “நான் வரேக்கை இருந்தது. வீடும் அவையின்ரைதான். நான் போட்ட முறைப்பாட்டுக் கடிதத்தைத் திருப்பி எடுக்கிறன் பிள்ளை, எங்கை கையெழுத்து வைக்கோணும்?”

அனுமதிப்பத்திரம் ஜெயரூபியின் பெயருக்கு மாற ஐந்து மாதம் எடுத்தது. அதற்குள் அவர்கள் தகரம் போட்டு ஓர் அறை எழுப்பி, தையல் மெசினைக் கொண்டுவந்துவிட்டார்கள். நிரஞ்சன் மாங்குளத்தில் ஓட்டோ ஓடுகிறான். துப்புரவாக்கிய பக்கத்தில் மரவள்ளியும் கத்தரியும் பயற்றையும் நிற்கின்றன. கிணற்றுக்கு மூன்றடிக் கட்டு எழும்பியிருக்கிறது, பூச்சு வேலை மிச்சம்.

கிருசாந்தன் தகப்பனோடு பல மாதம் பேசவில்லை, பிறகு கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்விட்டான். அப்புத்துரையோடு ஜெயரூபி தேவைக்குப் பேசுவாள். மன்னித்துவிட்டாயா என்று அயலில் ஒருத்தி கேட்டபோது, அவர் கத்தினது உண்மை, பதின்மூன்று நாள் கத்தாமல் இருந்ததும் உண்மை என்று மட்டும் சொன்னாள். வீரம்மா அவரைக் கண்டால் இன்றும் ஒழுங்கையின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவாள்.

கிழக்கு மூலையில் பற்றை இன்னும் முழுதாகப் போகவில்லை. மழை விழுந்ததும் நாயுண்ணி அடிக்கட்டையில் இருந்து மறுபடியும் துளிர்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயரூபி அலவாங்கோடு போய், ஒவ்வொரு அடிக்கட்டையாக வேரோடு கிளப்புகிறாள்.