பிளைவீல் கண்ணாடி

என் 1978ஆம் ஆண்டு நாட்குறிப்பில், கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், சிகரெட் அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறேன். "கிளட்ச் பிளேட் தேஞ்சிடுச்சு. பிரஷர் பிளேட் இன்னும் ஓடும். பிளைவீல் கண்ணாடி." எழுதியவர் செங்கம் சாலையில் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக். ஊருக்கு அவர் பாய். அந்த மூன்றாவது வரியை நான் தவறாகப் படித்தேன். அது எனக்குத் தெரியவர எட்டு ஆண்டுகள் ஆயின.

கார் என் அக்காவின் கணவருடையது. மாமா பதினைந்து ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டியவர். கையெழுத்துப் போடுவார், படிக்க வராது. படிப்பது, எழுதுவது எல்லாம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான என் வேலை. அன்று அவர் பர்மிட் விஷயமாக வேலூர் போயிருந்ததால் நான் கொட்டகைக்குப் போனேன். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கழற்றிவைத்த பிளைவீலின் மேல் சீட்டு இருந்தது, பறக்காமலிருக்க ஒரு ஸ்பானருடன். என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் அது. கிளட்ச் பிளேட் அதன் முகத்தை அழுத்திப் பிடித்தால்தான் வண்டி நகரும். கட்டைவிரல் நகத்தை அதன்மேல் இழுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. குனிந்தபோது என் மூக்குக்கண்ணாடி அதில் தெரிந்தது. அங்கங்கே நீலம் பாரித்திருந்ததையும் பார்த்தேன். அழகாக இருப்பதாக நினைத்தேன்.

மாலையில் பஸ் நிலையத்தில் மாமாவைப் பார்த்துச் சீட்டின் விஷயத்தைச் சொன்னேன். அவர் தீபம் ஏற்றப்போகும் மலையைப் பார்த்தார். பிளைவீலைக் கடைசல் போடுவதென்றால், அதாவது அதன் முகத்தைச் சீவிச் சரிசெய்வதென்றால், வேலூர் லேத் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. திரும்பிவர நான்கு நாளாவது ஆகும். தீபத்துக்கோ மூன்று நாள்தான் இருந்தது. "அப்படியே மாட்டச் சொல்லு மச்சான். தீபம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை பாயிடம் சொன்னேன். "அப்படியேவா மாட்டச் சொன்னாரு?" என்று கேட்டார். கீறல் விழுந்தால்தான் கடைசல் போட வேண்டும் என்று நூலகத்தில் ஒரு மோட்டார் புத்தகத்தில் படித்திருந்தேன். அதைச் சொல்லி, நகத்தால் இழுத்துப் பார்த்ததையும் சொன்னேன். பாய் சிரித்தார். "நகத்துக்குத் தெரியாது சார். சூடேறினா தெரியும். உங்க புஸ்தகக்காரரு போளூர் ரயில்வே கேட்டாண்ட மேட்டுல வண்டிய நிறுத்தி எடுத்திருக்க மாட்டாரு." நானும் சிரித்தேன். அவர் எமரி உப்புத்தாளால் பிளைவீலின் முகத்தை வெகுநேரம் தேய்த்துவிட்டு, புது கிளட்ச் பிளேட்டோடு மாட்டினார்.

தீபத்துக்கு வந்த கூட்டத்தைச் சுமந்து வண்டி மூன்று நாளும் ஓய்வில்லாமல் ஓடியது. அதன்பின் முதல் கியரில் ஒரு நடுக்கம் வந்தது. மாமா அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

மார்கழியில் ஒரு முற்பகல், எட்டு மாதக் கர்ப்பிணியான அக்காவுக்கு உதிரப்போக்கு கண்டது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பின்சீட்டில் அக்காவின் தலை என் மடியில் இருந்தது. போளூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. தண்டவாளத்துக்கு ஏறும் சரிவில் வண்டி நின்றது. ரயில் போய், கேட் திறந்து, மாமா கிளட்சை விட்டார். வண்டி உதறியது. என்ஜின் இரைந்தது, சக்கரம் அசையவில்லை. கருகிய நாற்றம் உள்ளே ஏறியது. பின்னால் வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். தண்டவாளத்தைத் தாண்டியும் இழுக்கவில்லை. "என்ன வாசனடா அது?" என்று அக்கா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒரு ஜீப் கிடைத்து அவளை மாற்றிப் படுக்கவைக்க, என் கைக்கடிகாரப்படி நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. அன்று பிற்பகல் வேலூரில் அக்கா போய்விட்டாள். குழந்தையும் பிழைக்கவில்லை. நேரம் தவறியதாலா என்று அங்கே யாரிடமும் நாங்கள் கேட்கவில்லை.

மாமா காரை விற்றார். அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. எண்பத்துநான்கில் அவரும் இறந்தார்.

எண்பத்தாறில் ஒரு நாள் பாயின் கொட்டகை வழியாகப் போனபோது, அவர் ஒரு கார்க்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பிளைவீல் கண்ணாடி ஆயிடுச்சுங்க. சூட்டுல நீலம் பாரிச்சிருக்கு, பிளேட் பிடிக்காம வழுக்கும். கடைசல் போடாம மாட்ட மாட்டேன்." நான் நின்றுவிட்டேன். அந்தக் கார்க்காரர் போகும்வரை காத்திருந்து, 'கண்ணாடி' என்ற அந்தச் சொல் எல்லா டிரைவர்களுக்கும் தெரியுமா என்று கேட்டேன். "வண்டி ஓட்டுறவன் எவனுக்கும் தெரியும் சார். உங்க மாமாவுக்குத் தெரியாதா?" என்றார்.

இப்போது சீட்டு என் முன் இருக்கிறது. பென்சில் மங்கினாலும் எழுத்து தெரிகிறது. எழுதியிருந்தபடி 'பிளைவீல் கண்ணாடி' என்று நான் வாசித்திருந்தால், மாமா தெரிந்தேதான் மாட்டச் சொன்னார். 'கண்ணாடி மாதிரி இருக்காம்' என்று எனக்குப் புரிந்தபடி சொல்லியிருந்தால், அவருக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று அவர் சொன்னது பிளைவீலையா, பிரஷர் பிளேட்டையா என்பதும் தெரியாது. அன்றைய பக்கத்தில், மழை பெய்யவில்லை என்றும் பஸ் இருபது நிமிடம் தாமதம் என்றும் குறித்திருக்கிறேன். கீழே, "மாமாவிடம் சீட்டு விஷயம் சொன்னேன்" என்று இருக்கிறது. என்ன வார்த்தையில் சொன்னேன் என்பது எழுதப்படவில்லை. அதை இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை.